அவசரமா யூரின் வருது, பாத்ரூம் போறதுக்குள்ள கசியுது: மாத்திரைக்கு முன்னாடி என்ன பார்க்கணும்?

தாமிரபரணி:
அம்மாவுக்கு வயசு 62. பகல்ல ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை போறாங்க, ராத்திரி மூணு நாலு தடவை எழுந்திருக்காங்க. வந்துடுச்சுன்னா அடக்க முடியல, பாத்ரூம் கதவைத் திறக்குறதுக்குள்ள கொஞ்சம் போயிடுது. இருமினா தும்மினா ஒண்ணும் ஆகறதில்ல. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், டாபாக்ளிஃப்ளோசின், பிரஷருக்கு ஆம்லோடிபின். யூரின் டெஸ்ட்ல கிருமி இல்ல. ஸ்கேன் எடுக்கல. இந்த அவசரத்துக்கு சோலிஃபெனாசின் 5 மி.கி. எழுதிக் கொடுத்திருக்காங்க, இன்னும் ஆரம்பிக்கல. ஆரம்பிச்சுடலாமா? கெகல் பயிற்சி (யூரினை அடக்குற அடித் தசையை இறுக்கி விடறது) செய்யுங்கன்னாங்க, எப்படின்னு சொல்லித் தரல.

வார்டு சிஸ்டர்:
இருமலுக்குக் கசியாம, அவசரத்துக்கு மட்டும் கசியுதுன்னா பெரும்பாலும் ஓவர் ஆக்டிவ் பிளாடர். சிறுநீர்ப்பை நிறையறதுக்கு முன்னாடியே அதோட தசை இறுகிடும். ஆனா உங்க மருந்துப் பட்டியலைப் பார்த்தா வேற ரெண்டு காரணமும் கலந்திருக்கலாம்னு தோணுது.

மூணு நாள் எழுதி வையுங்க. கோடு போட்ட 500 மில்லி பிளாஸ்டிக் மக் ஒண்ணைப் பாத்ரூம்லயே வச்சுக்கோங்க. ஒவ்வொரு தடவையும் நேரம், அளவு, கசிஞ்சுதா, நடுவுல என்ன குடிச்சாங்க, இந்த நாலும் போதும். ஒரு தடவைக்கு 80, 100 மில்லிதான் வருதுன்னா பையில கோளாறு. ஒவ்வொரு தடவையும் 300 மில்லி வருதுன்னா பை ஒழுங்காத்தான் இருக்கு, யூரின்தான் அதிகமா ஊறுது. 60 கிலோ உள்ளவங்களுக்கு 24 மணி நேரத்துல 2,400 மில்லியைத் தாண்டினா அதிகம். டாபாக்ளிஃப்ளோசின் சர்க்கரையை யூரின் வழியா வெளியேத்துற மருந்து, சர்க்கரையோட தண்ணியும் சேர்ந்து போகும். நீங்களா நிறுத்தாதீங்க, நோட்டைக் காட்டி சர்க்கரை டாக்டர்கிட்ட கேளுங்க.

ராத்திரிக் கணக்கைத் தனியா கூட்டுங்க. படுக்கப் போகும்போது போனது பகல் கணக்கு, காலைல எழுந்ததும் முதல்ல போறது ராத்திரிக் கணக்கு. மொத்தத்துல மூணுல ஒரு பங்குக்கு மேல ராத்திரியே வந்தா கால் வீங்கியிருக்கான்னு பாருங்க. ஆம்லோடிபின் சிலருக்குக் கால் வீங்க வைக்கும்; பகல்ல காலில் தேங்கின நீர், படுத்ததும் ரத்தத்துக்குத் திரும்பி யூரினா வரும். முன்னங்கால் எலும்பு மேல கட்டை விரலால சில வினாடி அழுத்தி எடுத்தா குழி விழுதான்னு பாருங்க. விழுந்தா மத்தியானம் ஒரு மணி நேரம் கால்மாட்டுல ரெண்டு தலகாணி வச்சுப் படுக்கச் சொல்லுங்க, டாக்டர்கிட்டயும் சொல்லுங்க.

மாத்திரைக்கு முன்னாடி கண்டிப்பா வேண்டியது, யூரின் போன பிறகு பையில எவ்வளவு மிச்சம்னு பார்க்கிற ஸ்கேன். வருஷக்கணக்கா சர்க்கரை இருந்தா பையோட நரம்பு மரத்துப் போய் முழுசா காலியாகாம, மேல வழியறதும் இப்படித்தான் தெரியும். அந்த நிலையில பையைத் தளர்த்துற மாத்திரை கொடுத்தா அடைச்சுக்கும். 50 மில்லிக்குக் கீழ இருந்தா நல்லது. 150, 200னு வந்தா மாத்திரையைத் தொடாம டாக்டரைப் பாருங்க. ஸ்கேன் சென்டர்ல ஒரு லிட்டர் தண்ணி குடிக்க வச்சு, வெடிக்கிற அளவுக்கு அடக்கச் சொல்லுவாங்க. அவ்வளவு நிறைஞ்ச பை ஒரே தடவையில காலியாகாது, மிச்சம் பொய்யா கூடுதலா காட்டும். அப்படி வந்தா இன்னொரு தடவை போயிட்டு வரச் சொல்லி, உடனே மறுபடி பார்க்கச் சொல்லுங்க.

யூரின்ல ரத்தம் தெரிஞ்சா இது எதுவும் வேண்டாம், நேரா யூராலஜி.

கொங்கு பிசியோ:
கெகலுக்கு முதல்ல சரியான தசையைக் கண்டுபிடிக்கணும். நாலு பேர் நடுவுல காத்து பிரியாம அடக்குவோமே, அப்போ உள்ளே இழுக்குதே, அதுதான். வயித்து மேல ஒரு கையை வச்சுக்கச் சொல்லுங்க. வயிறோ தொடையோ பிட்டமோ இறுகினா, மூச்சு நின்னா, தப்பான தசை வேலை செய்யுது. முதல்ல படுத்துக்கிட்டு 3 வினாடி பிடிச்சு, அதே அளவு விடணும். பழகப் பழக 8 முதல் 10 வினாடிக்குக் கொண்டு வாங்க. ஒரு வேளைக்கு 8 முதல் 12 தடவை, நாளைக்கு மூணு வேளை. விடறதும் முழுசா விடணும், அதைத்தான் பலர் செய்யறதில்ல. யூரின் போகும்போது பாதியில நிறுத்திப் பழகறது வேண்டாம், மிச்சம் தங்கும். பலன் தெரிய மூணு மாசம் ஆகும்.

அவசரம் வரும்போது ஓடக் கூடாது. ஓடினா பதட்டம் கூடும், தசையும் பிடி விடும், கதவுகிட்ட கசியறது அதனாலதான். இருந்த இடத்துலயே நிக்கணும், இல்ல நாற்காலி விளிம்புல உட்காரணும். அதே தசையை வேகமா அஞ்சாறு தடவை இறுக்கி விட்டு, நூறுல இருந்து ஏழு ஏழா கழிச்சு எண்ணச் சொல்லுங்க. அலை இறங்கினதும் மெதுவா நடந்து போகலாம்.

நேரத்தைக் கூட்டறது தனி வேலை. நோட்டுல ஒரு மணி நேரம்னு இருந்தா, ஒரு வாரம் ஒண்ணேகால் மணி, அடுத்த வாரம் ஒன்றரை, இப்படி மூணு மணி நேரம் வரைக்கும். பகல்ல மட்டும் போதும். 'எதுக்கும் போயிட்டு வந்துடறேன்'னு வெளிய கிளம்புறப்பல்லாம் போறதை விடச் சொல்லுங்க.

தாமிரபரணி:
நன்றி. கசியுதேன்னு தண்ணியையே குறைச்சுட்டாங்க. ஆனா காபி மூணு வேளை, யாரோ சொன்னாங்கன்னு பார்லித் தண்ணியும் வாழைத்தண்டு ஜூஸும். மலச்சிக்கலும் உண்டு.

வார்டு சிஸ்டர்:
தண்ணி குறைஞ்சா யூரின் அடர்த்தியாகிப் பையை இன்னும் எரிச்சல்படுத்தும், மலமும் இறுகும். இறுகின மலம் பின்னாலிருந்து பையை அழுத்தும். மோர், காபி எல்லாம் சேர்த்து ஒன்றரை லிட்டர் இருக்கட்டும், பெரும்பகுதி சாயங்காலத்துக்குள்ள முடியட்டும். காபியை ஒரேயடியா நிறுத்தினா தலைவலிக்கும். வாரத்துக்கு ஒரு வேளை வீதம் குறைச்சுக்கிட்டே வாங்க. பார்லியும் வாழைத்தண்டும் இந்தக் கோளாறுக்கு வேண்டாம், கூட ரெண்டு தடவை ஓட வைக்கும், அவ்வளவுதான்.

மருந்துக்கடை:
சோலிஃபெனாசினைத் தினமும் ஒரே நேரத்தில் முழுதாக விழுங்க வேண்டும். நாலு நாளில் கேட்கவில்லை என்று நிறுத்திவிடுகிறார்கள். குறைந்தது 4 வாரம் பார்க்க வேண்டும். வாய் வறட்சி, மலச்சிக்கல், கண் மங்கல் வரலாம். வாய் வறண்டால் ஒரு வாய் தண்ணீரில் கொப்பளித்தால் போதும், சொம்பு சொம்பாகக் குடித்தால் மாத்திரை போட்டதே வீண். மலச்சிக்கல் ஏற்கெனவே இருப்பதால் அதை முதலில் சரிசெய்யுங்கள். கண் அழுத்தம் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள், குறுகிய கோண கிளாக்கோமாவுக்கு இது ஆகாது. கால் எரிச்சலுக்கு அமிட்ரிப்டிலின், சளிக்குக் குளோர்பெனிரமின் கலந்த மாத்திரை போட்டால், ஒரே குணம் சேர்ந்துகொண்டு வயதானவர்களுக்கு மறதி, குழப்பம் வரும். இது ஒத்துக்கொள்ளாவிட்டால் மிராபெக்ரான் பற்றி டாக்டரிடம் கேளுங்கள். வாய் அவ்வளவாக வறளாது, ஆனால் பிரஷர் ஏறலாம். 180/110 இருப்பவர்களுக்குத் தர மாட்டார்கள். அதையும் உடைக்கவோ மெல்லவோ கூடாது.

மாதவிடாய் நாப்கின் யூரினுக்குச் சரிவராது. வேகமாக வரும் நீரை உறிஞ்சாது, ஈரம் தோலிலேயே நின்று புண்ணாகும். யூரின் கசிவுக்கென்று தனி பேட் கேட்டு வாங்குங்கள்.

கொங்கு பிசியோ:
பயிற்சியும் மாத்திரையும் பலன் தரலைன்னா வழி இருக்கு. கணுக்கால் நரம்புல மெல்லிய ஊசி வச்சு வாரம் ஒரு தடவை 30 நிமிஷம், 12 வாரம் மின்தூண்டல் தருவாங்க. அடுத்தது சிஸ்டோஸ்கோப் (யூரின் பாதை வழியா உள்ளே விடற கேமரா குழாய்) வழியா பைச் சுவத்துல போடற, தசையைத் தளர்த்துற போடாக்ஸ் ஊசி, வழக்கமா 100 யூனிட், 20 இடத்துல. ஆறு மாசம் போல தாங்கும். சிலருக்கு யூரின் வராம நின்னு, கொஞ்ச நாள் தானே குழாய் போட்டு எடுக்க வேண்டி வரும். சர்க்கரை உள்ளவங்களுக்கு அந்த வாய்ப்பு கூடுதல். அதுக்குத் தயார்னா மட்டும் ஒத்துக்கணும்.