மறு: ஆப்டோரெட்டினோகிராபி – தமிழில் என்ன சொல்லலாம்?

ஐயா, வணக்கம்.

விழித்திரைச் செல்கள் ஒளிக்கு எப்படி அசைகின்றன என்பதை ஒளியாலேயே அளக்கும் முறைதான் ஆப்டோரெட்டினோகிராபி. அதற்கு முன்வைக்கப்பட்ட ‘விழித்திரை ஒளிப்படவியல்’ என்ற பெயர் எனக்குச் சரியாகப் படவில்லை. விழித்திரையைப் படம் பிடிப்பது வேறு, அது வேலை செய்கிறதா என்று பார்ப்பது வேறு. இங்கே வேலூரில் கண் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களுக்கு ‘ஓசிடி ஸ்கேன்’ பழகிய பெயர். அதில் விழித்திரையின் அடுக்குகள் தெரியும், செல் ஒளிக்கு அசைந்து கொடுக்கிறதா என்பது தெரியாது.

ஆப்டோரெட்டினோகிராபியில் கண்ணுக்குள் ஒரு கணம் ஒளி பாய்ச்சுகிறார்கள். விழித்திரையில் நிறம் உணரும் கூம்புச் செல்லின் ஒளி வாங்கும் முனை சில மில்லி நொடிகளில் துளி சுருங்கி, பிறகு மெல்ல நீள்கிறது. நீள்வது அதிகம் போனால் சில நூறு நானோமீட்டர். தலைமுடியின் பருமனில் நூற்றில் ஒரு பங்குகூட வராது. திரும்பி வரும் அகச்சிவப்பு ஒளியலை எவ்வளவு முன்பின் நகர்ந்திருக்கிறது என்ற கட்ட (phase) மாற்றத்தைக் கொண்டு அதை அளந்துவிடுகிறார்கள். ஜெர்மனியின் லூபெக் குழு 2016இல் மனிதக் கண்ணில், தனித்தனிக் கூம்புச் செல் அளவிலேயே இதைக் காட்டியது.

ஆக, பதிவாவது துலங்கல், அதாவது ஒளிக்குச் செல் காட்டும் எதிர்வினை. ‘தூண்டல், துலங்கல்’ பள்ளிப் பாடத்திலேயே உள்ள இணை. என் பரிந்துரை: விழித்திரை ஒளித்துலங்கல் வரைவு. ஒளிக்குக் காட்டும் துலங்கல், ஒளியால் அறியும் துலங்கல் இரண்டும் அதில் அடங்கும். விழித்திரையின் மின் சைகையை அளக்கும் ஈஆர்ஜி சோதனைக்கான ‘விழித்திரை மின்வரைவு’க்குப் பக்கத்திலும் இயல்பாக நிற்கும்.

உடலுக்குள் கருவி நுழையாது என்ற பொருளில் இன்னொரு நண்பர் இந்தப் பெயருக்குச் சொன்ன ‘ஊடுருவாத’ என்ற அடைமொழி போதாது. ஈஆர்ஜியும் ஊடுருவுவதில்லை. ஆனால் அதில் பெரும்பாலும் கண்ணின் மேலேயே மின்முனை வைப்பார்கள். குடியாத்தம் பக்கம் பீடி சுற்றும் ஓர் அம்மாவுக்கு மாலைக்கண். விளக்கு வைத்த பிறகு முறத்தில் இலை எது, நூல் எது என்று தடவித்தான் எடுப்பார். அவர் பயந்தது அந்த மின்முனைக்குத்தான். முழு விழித்திரைக்கும் சேர்த்து ஒரே அலை வரையும் ஈஆர்ஜியில், எந்தச் செல் இன்னும் மிஞ்சியிருக்கிறது என்பதும் தெரியாது. சொந்தத்தில் கல்யாணம் அதிகமுள்ள நம் பக்கத்தில் பரம்பரையாக வரும் விழித்திரை நோய்களுக்கு அந்த விவரம்தான் வேண்டும். ஆகவே ‘கண் தொடா’ என்றே சொல்லலாம்.

கூம்புச் செல்லின் ஒளி வாங்கும் அந்த முனைக்கு (outer segment) ‘வெளித்துண்டு’ என்று எழுதி வருகிறேன். துண்டு என்றால் வெட்டிப் போட்டது போல ஒலிக்கிறது. ‘வெளிக்கூறு’ பொருந்துமா, சொல்லுங்கள் ஐயா.