ஏசி போட்டதும் வரும் ஈரவாடை: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

ராமேஸ்வரம் டாக்ஸிக்காரர்:

கோயில் சவாரிதான் என் பிழைப்பு. அக்னி தீர்த்தத்தில் முங்கி, உள்ளே 22 தீர்த்தமும் ஆடிவிட்டு வருகிறவர்கள் எவ்வளவு பிழிந்து உடுத்தினாலும் சீட் நனையாமல் இருக்காது. போன ஐப்பசி மழையில் ஒரு வயதான அம்மா மகனோடு தனுஷ்கோடி போக ஏறினார். ஏசி போட்டேன். உடனே முந்தானையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார், ஒரு வார்த்தை பேசவில்லை, அரிச்சல்முனை போய்த் திரும்புகிற வரைக்கும் அந்தக் கை இறங்கவே இல்லை. கடைசியில் மகன்தான், "அண்ணே, ஏசி வேண்டாம், கண்ணாடிய இறக்கிருங்க" என்றார். ஏசி வண்டி என்று கூடுதலாகக் காசு கொடுத்து ஏறியவர்கள். அந்த அம்மா முகம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

இத்தனைக்கும் மல்லிகை வாசனை பாட்டில் புதிதாக மாட்டியிருந்தேன். சீட் கவரைக் கழற்றி வெயிலில் போட்டாயிற்று, கால் வைக்கும் மேட்டை எல்லாம் கழுவியாயிற்று. ஏசி போட்ட முதல் நிமிடம் குப்பென்று அடிக்கிறது, அப்புறம் குறைகிறது, நிறுத்திவிட்டு மறுபடி போட்டால் மறுபடியும் அதே வாடை. யாருக்காவது இப்படி நடந்ததா?

மண்டபத்திலிருந்து:

அண்ணே, பாவம் அந்தப் பக்தர்களின் ஈரத்துணி மேல் பழி போடாதீர்கள். சீட் நாறினால் கதவைத் திறந்ததுமே நாறும். ஏசி போட்டால்தான் நாறுகிறது என்றால் டேஷ்போர்டுக்கு உள்ளே இருக்கும் கூலிங் காயில்தான் நாறுகிறது. காற்றில் உள்ள ஈரமெல்லாம் அந்தக் காயில் மேல் தண்ணீராகப் படியும், அது கீழே ஒரு தட்டில் விழுந்து குழாய் வழியாக ரோட்டில் சொட்ட வேண்டும். குழாய் அடைத்தால் தண்ணீர் உள்ளேயே தேங்கும்.

எனக்கு அது தெரியவந்தது பாம்பன் பாலத்தின் மேல். அப்பாவுக்குச் சர்க்கரைப் புண், காலில் கட்டு. ராமநாதபுரம் ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு அப்படியே ராமேஸ்வரத்தில் தங்கை வீட்டில் விடப் போய்க்கொண்டிருந்தேன். பாலத்தில் வண்டியை ஓரங்கட்டி ரயில் பாலத்தைப் போட்டோ எடுக்கிறவர்கள் எப்போதும் உண்டே, அப்படி ஒரு வேன் திடீரென்று நிற்க, நானும் பிரேக் அடித்தேன். டேஷ்போர்டு அடியிலிருந்து தண்ணீர் கொட்டி நேராக அப்பாவின் கட்டின் மேல் விழுந்தது. சாக்கடை வாடை. புதிதாகக் கட்டிய வெள்ளைத் துணி பழுப்பாகிப்போனது, அப்பா காலைத் தூக்கி வைத்துக்கொள்ள இடம் இல்லாமல் தவித்தார். அங்கே நிறுத்தவும் முடியாது, திரும்பவும் முடியாது.

மறுநாள் மெக்கானிக் வண்டிக்கு அடியில் படுத்து அந்தக் குழாயைக் குத்திவிட்டார், சேறும் கொழகொழவென்று பாசி மாதிரி ஒன்றும் வந்து விழுந்தது. வாடை பாதி அன்றே போயிற்று. மீதி, காயிலைச் சுத்தம் செய்யும் ஃபோம் (நுரை) ஸ்ப்ரே அடித்தபின் போனது. நம் கடற்கரைக் காற்றுக்கு ஏசி கொஞ்ச நேரம் ஓடினாலே வண்டிக்கு அடியில் தண்ணீர் சொட்டும். சொட்டவில்லை என்றால் முதலில் குழாயைப் பாருங்கள்.

கீழக்கரை:

ஃபோம், குழாய் எல்லாம் சரி, அதற்கு முன்னால் கேபின் ஃபில்டரை, அதாவது வண்டிக்குள் வரும் காற்றை வடிகட்டும் ஃபில்டரை, உருவிப் பாருங்கள் என்று ஏன் யாரும் சொல்வதில்லை? பெரும்பாலான வண்டிகளில் முன்சீட்டுக்கு எதிரே உள்ள பெட்டியைக் கழற்றினால் பின்னாலேயே இருக்கும், ஸ்பேனர்கூட வேண்டாம். சில சின்ன வண்டிகளில் ஃபில்டரே இருக்காது.

எங்கள் மாமா துபாயில். வண்டி பல மாதம் ஷெட்டிலேயே நின்றது. நோன்புப் பெருநாளுக்கு வந்தவர் வண்டியை எடுத்ததும் ஏசியில் தாங்க முடியாத நாற்றம். ஒரு சர்வீஸ் சென்டரில் டேஷ்போர்டு முழுவதையும் இறக்க வேண்டும் என்று பெரிய தொகை சொன்னார்கள். மனம் கேட்காமல் வீட்டு வாசலிலேயே நான் ஃபில்டரை உருவினேன். எலிக்கூடு. சீமைக்கருவேல இலை, கிழிந்த துணி, நடுவில் நெத்திலிக் கருவாட்டுத் துண்டுகள், அதன் மேல் எலிப்புழுக்கை. மாமி பார்த்துவிட்டு அப்படியே திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். பெருநாள் முழுக்க அவருடைய பேத்தியை, பால்குடிக்கிற பிள்ளையை, அந்தக் காற்றில்தான் வைத்துக் கூட்டிக்கொண்டு அலைந்திருக்கிறோம். புது ஃபில்டர் சில நூறு ரூபாய். அந்த சென்டர்காரர்கள் அந்தப் பெட்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை, அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

உச்சிப்புளி:

என் கதை சின்னது. பழைய வண்டி வாங்கினேன், வாங்கும்போது வாசனையாக இருந்தது, ஒரே வாரத்தில் வாசனை போய் வாடை வந்தது, என் மனைவி பின்சீட்டில் வாந்தி எடுத்தாள். விற்றவர் ஸ்ப்ரே அடித்து மறைத்திருக்கிறார். அவ்வளவுதான்.

ஆனால் கீழக்கரை நண்பர் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். ஃபில்டர் மாற்றினால் காயிலில் பிடித்த பூஞ்சை போகாது. 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறையோ வருடத்துக்கு ஒருமுறையோ ஃபில்டர் மாற்றுவது வேறு, வந்த வாடையைப் போக்குவது வேறு. ஃபில்டரை வெளியே எடுத்து, எஞ்சினை நிறுத்தி, கதவுகளைத் திறந்து வைத்து, ஏசி காயிலுக்கென்றே விற்கும் ஃபோமை அந்த டப்பாவோடு வரும் மெல்லிய குழாய் வழியாக உள்ளே அடித்து, டப்பாவில் போட்டிருக்கும் நேரம் விட்டால் அழுக்கோடு கரைந்து கீழே சொட்டும். பக்கத்தில் பீடி சிகரெட் கூடாது, அந்த ஸ்ப்ரே தீப்பிடிக்கும். அப்புறம் ஏசி இல்லாமல் ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்துக் காற்றை ஓடவிட்டுக் காயவைக்க வேண்டும், இதை வெட்டவெளியில் செய்யுங்கள், மூடிய ஷெட்டில் எஞ்சின் ஓட்டினால் புகை உயிரைக் குடிக்கும். கண்ணாடிக்கு அடியில் வைப்பர் பக்கம் சேரும் கருவேல இலையை வாராவாரம் அள்ளுங்கள், வெளிக்காற்று அந்த வழியாகத்தான் உள்ளே போகிறது. எப்போதும் உள்காற்று பட்டனிலேயே ஓட்டாதீர்கள், கொஞ்ச நேரம் வெளிக்காற்றும் வரட்டும், கருவாடு காயப்போட்ட இடத்தைத் தாண்டும்போது மட்டும் உள்காற்றுக்கு மாற்றினால் போதும். கடலில் நின்ற காலோடு ஏறினால் கார்பெட்டில் உப்பு தங்கும், உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், எத்தனை வெயில் காட்டினாலும் ராத்திரி மறுபடி நசநசக்கும், அதை நல்ல தண்ணீர் விட்டுத் துடைத்து எடுத்த பிறகுதான் காயவைக்க வேண்டும். வீடு வர ஐந்து நிமிடம் இருக்கும்போதே ஏசியை அணைத்துவிட்டு ஃபேனை மட்டும் ஓடவிடுங்கள், காயில் காய்ந்துவிடும், பூஞ்சை பிடிக்காது. நாப்தலின் உருண்டையைக் காற்று வரும் ஓட்டையில் போடுகிறவர்கள் உண்டு, தயவுசெய்து வேண்டாம், அதைக் குழந்தைகள் சுவாசிக்கிறார்கள்.

ராமேஸ்வரம் டாக்ஸிக்காரர்:

உச்சிப்புளி அண்ணன் சொல்வது சொந்த வண்டிக்குச் சரி. சித்திரை வெயிலில் கோயில் வாசலுக்கு ஐந்து நிமிடம் முன்னால் நான் ஏசியை அணைத்தால் பின்சீட்டில் இருப்பவர்கள் சும்மா இருப்பார்களா? ஆளை இறக்கிவிட்டு, ஸ்டாண்டுக்குத் திரும்பும் வழியில் ஃபேனை ஓடவிடுகிறேன், அது முடியும்.

குழாய் நன்றாகச் சொட்டுகிறது, மண்டபத்துத் தம்பிக்கு நன்றி. ஃபில்டரை எடுத்துப் பார்த்தேன், கருப்பாக, தொட்டால் ஈரமாக இருந்தது. மாற்றிவிட்டேன், ஃபோமும் அடித்தாயிற்று. காலை முதல் சவாரியில் வாடை இல்லை. கார்பெட் உப்பு இன்னும் பாக்கி, அதை இந்த வாரம் பிரித்துப் போடப் போகிறேன்.

தொண்டி:

எல்லோரும் பூஞ்சை பூஞ்சை என்கிறீர்கள், ஒன்று சேர்த்துச் சொல்கிறேன். என் வண்டியில் வந்தது ஈரத்துணி வாடை இல்லை, தித்திப்பான வாடை, சிரப் பாட்டிலைத் திறந்த மாதிரி. தேவிபட்டினத்தில் நவபாஷாணம் பார்த்துவிட்டுத் திரும்பும்போது முன்கண்ணாடியின் உள்பக்கம் திடீரென்று புகைபடிந்து, துடைத்தால் எண்ணெயாக இழுவியது, எதிரே வந்த பஸ் தெரியவில்லை. அது ஹீட்டரில் இருந்து கூலன்ட், அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம், கசிவது. அதற்கு ஃபோம் அடித்துப் பிரயோசனம் இல்லை. தித்திப்பு வாடை வந்து, ரேடியேட்டர் டப்பாவில் அளவும் இறங்கினால் வண்டியை ஓட்டாமல் நேராக மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.