பயிற்சி முடித்தும் வேலை இல்லை: குறை பயிற்சியிலா, அலுவலகத்திலா?

வைகைக்கரை:
எனக்குப் பிறவியிலிருந்தே பார்வை இல்லை. ஆறு மாதம் கணினிப் பயிற்சி முடித்திருக்கிறேன். திரையில் இருப்பதைக் குரலில் வாசித்துச் சொல்லும் என்விடிஏ திரைவாசிப்பான் இருந்தால் தட்டச்சு, எக்செல், மின்னஞ்சல் எல்லாம் தடையில்லாமல் செய்வேன். போன மாதம் ஓர் அலுவலகத்தில் தேர்வுக்கு ஒரு கடிதத்தைத் திறந்து கொடுத்தார்கள். பழைய பாமினி எழுத்துருவில் அடித்தது. பார்க்கிறவர் கண்ணுக்கு அது 'அம்மா'. எழுத்தெழுத்தாக நகர்த்தினால் என் காதில் 'எம், கே, செமி, கே, எச்' என்று விழுகிறது. கோப்புக்குள் இருப்பவை ஆங்கிலக் குறிகள், மேலே தமிழ் உருவம் மட்டும் போர்த்தியிருக்கிறது. 'உங்களுக்கு வாசிக்க வரவில்லையே' என்று அனுப்பிவிட்டார்கள். தமிழ் எழுத்துக்குத் தனிக் குறி கொடுக்கும் யூனிகோடைத் தமிழக அரசு 2010-லேயே ஏற்றுக்கொண்டுவிட்டது. எங்களுக்கு மேலும் மேலும் பயிற்சி வேண்டாம். வேலை கொடுப்பவர்கள் முதலில் தங்கள் கோப்புகளைச் சரிசெய்யட்டும்.

கணக்குப்பிள்ளை:
சகோதரி, உங்களுக்கு நடந்தது அநியாயம். அந்தக் கோப்பை யூனிகோடுக்கு மாற்ற ஒரு நிமிடம் ஆகாது. ஆனாலும் உங்கள் முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. திருப்பூரில் சின்னதாக ஒரு கணக்கு அலுவலகம் நடத்துகிறேன். இப்படிப் பயிற்சி முடித்த மூன்று பேரை எடுத்தேன். தட்டச்சு வேகம் அருமை. ஆனால் உள்மாநில பில்லில் ஜிஎஸ்டி வரி மத்திய அரசுக்கு சிஜிஎஸ்டி, மாநில அரசுக்கு எஸ்ஜிஎஸ்டி என்று ஏன் பிரிகிறது, சரக்கு வெளிமாநிலம் போனால் ஏன் ஐஜிஎஸ்டி என்று ஒரே வரியாகிறது என்று ஒருவருக்கும் சொல்லித்தரவில்லை. எல்லாருக்கும் டேட்டா என்ட்ரி மட்டும்தான். பில்லைப் போட்டோ எடுத்தாலே மென்பொருள் எண்களைப் படித்துவிடுகிற காலத்தில் அதற்கு யார் ஆள் எடுப்பார்கள்? குறை பயிற்சியில்தான்.

வைகைக்கரை:
ஐஜிஎஸ்டி ஒரு வாரத்துப் பாடம் சார். பி.காம். முடித்துவிட்டு வருகிறவர்களும் உங்களிடம் உட்கார்ந்துதானே அதைப் பழகுகிறார்கள்? அவர்களுக்குக் கொடுக்கிற மூன்று மாதத்தை எங்களுக்கு ஏன் கொடுப்பதில்லை? அப்புறம், நான் போன இன்னொரு இடத்தில் பில் போடும் மென்பொருளில் ஒரு பட்டனுக்கும் பெயர் வைக்கவில்லை. டேப் விசையைத் தட்டத் தட்ட 'பட்டன், பட்டன், பட்டன்' என்றுதான் கேட்கிறது. எது சேமிக்கும், எது அழிக்கும் என்று எந்தப் பயிற்சி எனக்குச் சொல்லித்தரும்?

நிலாமுற்றம்:
என் தம்பிக்குக் காது கேட்காது. ஐடிஐயில் டர்னர், அதாவது கடைசல் வேலை, படித்தான். சைகைமொழி பெயர்ப்பாளர் கிடையாது. ஆசிரியர் போர்டைப் பார்த்துத் திரும்பி எழுதிக்கொண்டே பேசுவார், அதனால் உதட்டசைவும் தெரியாது. எழுதியதைப் பார்த்து எழுதியே இரண்டு வருடம் போனது. அதனால் கணக்குப்பிள்ளை சார் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனால் வேலை கேட்டுப் போன பட்டறையில் 'அலாரம் கேட்காதே' என்றார்கள். கணினி இயக்கும் சிஎன்சி எந்திரத்தின் தலையில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று விளக்கு எரிகிறது. காது கேட்கிறவர்களும் அதைப் பார்த்துத்தான் ஓடி வருகிறார்கள். கடைசியில் ஒரு மூத்த ஆபரேட்டர் பக்கத்தில் நிறுத்திச் செய்து காட்டினார். இப்போது வெட்டும் டூலின் அளவைச் சரிசெய்யும் டூல் ஆஃப்செட்டை அவனே போடுகிறான். எந்திரத்தின் கதவில் உள்ளங்கையை வைத்து, அதிர்வு மாறினால் டூல் தேய்ந்துவிட்டது என்று சொல்லிவிடுகிறான்.

கணக்குப்பிள்ளை:
நான் சொல்வதும் அதுதான் அக்கா. பயிற்சி வேலை நடக்கிற இடத்தில் நடக்க வேண்டும். அந்த மூன்று மாத உதவித்தொகையை அரசு ஏற்கட்டும். என்னைப் போன்றவர்கள் தைரியமாக எடுப்போம்.

வைகைக்கரை:
தைரியத்தை நம்பி எத்தனை வருடம் இருப்பது சார்? 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரசு வேலையில் 4 சதவீதம் ஒதுக்குகிறது. தனியாரிடம் வந்ததும் 35-ஆம் பிரிவு, ஊழியரில் 5 சதவீதமாவது எங்களை வைத்திருக்க ஊக்கம் கொடுங்கள் என்று அரசிடம் சொல்வதோடு நின்றுவிடுகிறது. கட்டாயம் வேண்டும்.

கணக்குப்பிள்ளை:
கட்டாயப்படுத்தினால் எண்ணிக்கை காட்டுவதற்காக ஆளை எடுத்து மூலையில் உட்காரவைத்துச் சம்பளம் கொடுப்பார்கள். அப்படி உட்கார்ந்திருந்தவர் ஒருவரை எனக்குத் தெரியும். ஒரு வருடத்தில் தானாகவே நின்றுவிட்டார். இதில் என் கருத்து மாறாது. ஆனால் அந்த பட்டன் விஷயம் நேற்றிரவு முழுக்க மனசை அறுத்தது. எங்கள் மென்பொருளை நான் ஒருநாளும் காதால் கேட்டுப் பார்த்ததில்லை. ஒருநாள் வந்து ஓட்டிப் பார்த்துச் சொல்வீர்களா? அந்த வேலைக்கு உரிய பணம் கொடுக்கிறேன்.

வைகைக்கரை:
வருகிறேன் சார். கட்டாயம் வேண்டும் என்பதில் நானும் மாறவில்லை. உங்கள் கணினியில் எதுவும் நிறுவ வேண்டாம், என்விடிஏவைப் பென்டிரைவிலிருந்தே ஓட்டலாம். உண்மையான பில் பத்து மட்டும் எடுத்து வையுங்கள், அதில் குறைந்தது இரண்டு வெளிமாநில பில்லாக இருக்கட்டும்.