வீட்டுக் கல்விக்கு எந்தப் பாடத்திட்டம்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

அனைவருக்கும் வணக்கம். மகளுக்கு 6 வயது, மகனுக்கு 4. இருவருக்கும் வீட்டிலேயே பாடம் சொல்லித்தர முடிவெடுத்துவிட்டோம், பாடத்திட்டத்தில்தான் தடுமாறுகிறேன்.

மகள் கேட்ட கதையை ஒரு வரி விடாமல் திருப்பிச் சொல்வாள். பென்சிலைக் கொடுத்தால் முகம் சுருங்கிவிடும். அதனால் ஆங்கிலேயக் கல்வியாளர் சார்லட் மேசனின் முறை எனக்குப் பிடித்திருக்கிறது: 15, 20 நிமிடப் பாடங்கள், படித்ததைச் சொந்தச் சொற்களில் சொல்லுதல். ஆனால் அதில் முறையான பாடம் 6 வயதில்தான் தொடங்கும். மகனோ இப்போதே கண்ணில் படும் எழுத்தையெல்லாம் காட்டி, "இது என்ன?" என்கிறான். அவனுக்கு மாண்டிசோரியின் உப்புத்தாள் எழுத்துகள் பொருந்தும் என்று நினைக்கிறேன். விரலால் தடவியே வடிவம் பழகலாம். கதை, கலை, விளையாட்டுக்கு முதலிடம் தரும் வால்டார்ஃப் முறையில் வாசிப்பு 7 வயதுவாக்கில்தான். அவன் ஆர்வத்தை அதுவரை தள்ளிப்போட மனம் வரவில்லை.

கணக்குக்கு மட்டும் தனித் திட்டம் வைத்துக்கொண்டு, கதை, இயற்கை, கைவேலை ஆகியவற்றை இருவருக்கும் சேர்த்தே நடத்தியவர்கள் இருக்கிறீர்களா? அல்லது எல்லாப் பாடமும் அடங்கிய தொகுப்பே மேலா? நீங்கள் பாதியில் கைவிட்ட திட்டம் எது, ஏன் என்பதையும் தயவுசெய்து எழுதுங்கள். திட்டங்களைப் பற்றிய பாராட்டுகள் நிறையக் கிடைக்கின்றன. எனக்கு வேண்டியது அந்தக் காரணங்கள்தான். எழுதத் தயங்கும் குழந்தையை எப்படிப் பழக்கினீர்கள் என்றும் சொன்னால் பேருதவியாக இருக்கும்.