1778இல் பள்ளி தொடங்கியாச்சு, 1780இல் சட்டம் எதற்கு? (பிலிப்ஸ் அகாடமி, ஆண்டோவர்)

நூலகவாசி:
வணக்கம் நண்பர்களே. அமெரிக்காவின் பழைய பள்ளிகளைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறேன், ஓர் இடத்தில் நின்றுவிட்டேன். சாமுவேல் பிலிப்ஸும் அவர் தம்பி ஜானும் 1778 ஏப்ரல் 21 அன்று பள்ளியின் விதிகளில் கையெழுத்துப் போட்டு, நிலமும் பணமும் கொடுத்துவிட்டார்கள். அந்த மாதக் கடைசியிலேயே ஒரு பழைய தச்சுப் பட்டறையில் 13 பையன்களோடு வகுப்பு ஆரம்பம். அப்புறம் ஏன் 1780 அக்டோபர் 4 அன்று மாசசூசெட்ஸ் சட்டமன்றம் தனியாக ஒரு சட்டம் போட்டது? அதுவும் அமெரிக்க விடுதலைப் போர் நடக்கும்போது! அறங்காவலர்களில் பெரும்பான்மையோர் ஆண்டோவர்க்காரர்களாக இருக்கக் கூடாது என்கிற விதியும் புரியவில்லை.

குறிப்பேடு:
நான் மாசசூசெட்ஸில் ஒரு சின்னப் பள்ளியின் அறங்காவலர் கூட்டங்களுக்குக் குறிப்பு எழுதுகிறவள். பதினோரு வருஷமாக இதே வேலை. அதனால் உங்கள் கேள்வியைப் பார்த்ததும் சந்தோஷமாகிவிட்டது.

1778இல் நிலமும் பணமும் போனது ஆட்களிடம். ஆட்கள் சாவார்கள், ஊர் மாறுவார்கள், வாரிசுகள் வழக்குப் போடுவார்கள். 1780 சட்டம் அந்த ஆட்களைச் சேர்த்து ஒரே சட்ட உருவமாக ஆக்கியது. அதற்கென்று ஒரு பெயர், ஒரு முத்திரை. அது வழக்குப் போடலாம், அதன்மேலும் வழக்குப் போடலாம். ஒருவர் போனால் மற்றவர்களே இன்னொருவரைத் தேர்ந்தெடுத்துக்கொள்வார்கள், சொத்து அசையாது. இன்றைக்குப் போல விண்ணப்பம் கொடுத்துப் பதிவு செய்கிற வழி அப்போது கிடையாது. ஒவ்வொரு நிறுவனத்துக்கும் சட்டமன்றம் தனிச் சட்டம்தான் போட வேண்டும்.

இதன் பின்னால் ஒரு கசப்பான பாடம் இருந்தது என்பது என் எண்ணம். முழு வேலையையும் இழுத்துச் செய்தவர் நீங்கள் சொன்ன சாமுவேலின் மகன், அவர் பெயரும் சாமுவேல் பிலிப்ஸ்தான், 1778இல் 26 வயது. அவரும் முதல் தலைமையாசிரியர் எலிஃபலட் பியர்சனும் படித்தது பைஃபீல்டில் இருந்த டம்மர் பள்ளியில். அது வில்லியம் டம்மரின் உயிலை நம்பி 1763இல் தொடங்கியது. உயிலின்படி, அங்கே ஒருவரை ஆசிரியராக வைத்துவிட்டால் ஹார்வர்டின் மேற்பார்வையாளர்கள் சொன்னால்தான் நீக்க முடியும். பள்ளியின் பிடி பள்ளியிடமே இல்லை! டம்மருக்கும் கடைசியில் 1782இல் இதே மாதிரி சட்டம் தேவைப்பட்டது. ஆண்டோவரில் அந்த அதிகாரத்தை முதலிலிருந்தே அறங்காவலர்களிடம் கொடுத்துவிட்டார்கள். தலைமையாசிரியரும் அவர்களில் ஒருவர்.

இப்போது வெளியூர் விஷயம். அறங்காவலர்கள் 7 பேருக்குக் குறையக் கூடாது, 13 பேரைத் தாண்டக் கூடாது. பாதிக்கு மேல் பாதிரியார் அல்லாத, சொந்த நிலம் உள்ளவர்கள். பாதிக்கு மேல் வெளியூர்க்காரர்கள். ‘எல்லாத் திசையிலிருந்தும் வருகிற பிள்ளைகளுக்கும் சமமாகத் திறந்திருக்கும்’ என்று விதியில் எழுதிவிட்டு, பள்ளியை ஓர் ஊர்ச்சபையின் கையில் கொடுக்க முடியாது இல்லையா? அறங்காவலர்களில் மூன்றில் இரண்டு பங்குபேர் தக்க காரணம் கண்டால் பள்ளியையே வேறு ஊருக்கு மாற்றலாம் என்றும் இருக்கிறது. எல்லோரும் ஆண்டோவர்க்காரர்களாக இருந்தால் அந்த வரிக்கு உயிரே இருக்காது.

எங்கள் குழுவில் ஏழு பேர், ஆறு பேர் ஒரே தெரு. விளையாட்டுத் திடலின் வேலியை இரண்டடி நகர்த்துவதா என்று நான்கு கூட்டம் பேசினார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் ஓர் உறுப்பினரின் தோட்டம். நான்கு கூட்டத்துக்கும் குறிப்பு எழுதினேன், ஒன்றில்கூடப் பிள்ளைகள் என்ற சொல் வரவில்லை. அன்று இரவு வீட்டுக்கு வந்துதான் அந்த 1780 சட்டத்தை முழுதாகப் படித்தேன்.

வெள்ளிக்காசு:
அக்கா சொல்லாத ஒன்று. பள்ளியின் ஆண்டு வருமானத்துக்கு உச்சவரம்பு உண்டு: நிலத்திலிருந்து 500 பவுண்டு, மற்ற சொத்திலிருந்து 2000 பவுண்டு. அதை வெள்ளியில் கணக்கிட வேண்டும், அவுன்சுக்கு 6 ஷில்லிங் 8 பென்ஸ் என்று சட்டமே சொல்கிறது. அதாவது ஒரு பவுண்டுக்கு (20 ஷில்லிங்; ஒரு ஷில்லிங் 12 பென்ஸ்) சரியாக மூன்று அவுன்ஸ், 500 பவுண்டுக்கு 1500 அவுன்ஸ். அந்த ஆண்டு மார்ச்சில்தான் அமெரிக்கக் காங்கிரஸ் தன் காகிதப் பணத்தின் மதிப்பை வெள்ளிக்கு எதிராக நாற்பதுக்கு ஒன்று என்று இறக்கியிருந்தது. வெறும் பவுண்டு என்று எழுதியிருந்தால் அடுத்த வருஷமே அந்த எண்ணுக்கு அர்த்தம் இருந்திருக்காது.

நூலகவாசி:
ரொம்ப நன்றி அக்கா. சட்டம் கொடுத்த சட்டமன்றமே பிறகு மனம் மாறி அதை மாற்றலாமா?

குறிப்பேடு:
அந்தச் சண்டை பக்கத்து மாநிலத்தில் நடந்தது தம்பி. டார்ட்மவுத் கல்லூரிக்கு 1769இல் அரசர் தந்த சாசனத்தின்படி 12 அறங்காவலர்கள். 1816இல் நியூ ஹாம்ப்ஷயர் அதை 21 ஆக்கி, கல்லூரியைத் தன் கைக்குள் கொண்டுவரப் பார்த்தது. கல்லூரிக்காக வாதாடியவர் டேனியல் வெப்ஸ்டர். ஜான் பிலிப்ஸ் எக்ஸிட்டரில் தொடங்கிய அகாடமியில் சிறுவயதில் படித்தவர் அவர். 1819இல் உச்ச நீதிமன்றம் சாசனம் ஓர் ஒப்பந்தம், மாநிலம் அதைக் கெடுக்க முடியாது என்று தீர்ப்புச் சொன்னது. அதற்குப் பிறகு பல மாநிலங்கள் ‘மாற்றும் உரிமை எங்களுக்கு உண்டு’ என்று சாசனத்திலேயே எழுத ஆரம்பித்தன.

வட்டுக்கோட்டையான்:
ஆண்டோவர் என்றதும் எட்டிப் பார்த்தேன். 1808இல் திறந்த ஆண்டோவர் இறையியல் செமினரியும் இதே அறங்காவலர்களின் கீழ்தான் இருந்தது. அங்கே படித்த டேனியல் பூர் 1816இல் யாழ்ப்பாணம் வந்தார். எங்கள் ஊரான வட்டுக்கோட்டையின் செமினரி 1823இல் தொடங்கியபோது அதன் முதல் தலைவர் அவர்தான். கட்டுரை முடிந்ததும் இங்கே போடுங்கோ.