ஆர்எக்ஸ் 100-ல் வேறு வண்டியின் பின் சக்கரம்: புதுப்பிப்பு

போன மாதம் கேட்டிருந்தேன்: 125 சிசி வண்டி ஒன்றின் 17 அங்குல அலாய் வீலை என் யமஹா ஆர்எக்ஸ் 100 பைக்குக்கு மாட்டலாமா என்று. மாட்டியாயிற்று.

சக்கரம் சிறிதாகிவிடும் என்று சிலர் சொன்னீர்கள். கணக்குப் போட்டேன். பழைய 2.75-18 டயரோடு மொத்த விட்டம் சுமார் 597 மிமீ, இப்போதைய 90/90-17 சுமார் 594. அவ்வளவுதான்.

உண்மையான தலைவலி செயின் கோடு, அதாவது செயின் ஓடும் முன், பின் ஸ்ப்ராக்கெட்டுகள் (பற்சக்கரங்கள்) ஒரே நேர்கோட்டில் நிற்பது. நூல் பிடித்துப் பார்த்தால் பின் ஸ்ப்ராக்கெட் 4 மிமீ வெளியே தள்ளி நின்றது. அவசரப்பட்டு வாஷர்களைத் திணித்தேன். ஆக்சிலை இறுக்கியதும் சக்கரம் கல் மாதிரி இறுகிவிட்டது. அப்புறம் லேத் பட்டறையில் பிரேக் பக்க ஸ்பேசரை (சக்கரம் நகராமல் ஆக்சிலில் இடைவெளிக்கு மாட்டும் குழாய்த் துண்டு) 4 மிமீ கடைந்து குறைத்து, செயின் பக்கத்துக்கு அதே அளவு கூடுதலாக ஒன்று செய்து வாங்கினேன். நல்ல வேளை, ரிம்மும் அதே பக்கம்தான் தள்ளியிருந்தது. இரண்டும் ஒன்றாகச் சரியாகின.

பிரேக் பிளேட்டைப் பிடிக்கும் டார்க் ராடு எட்டவில்லை, புதிதாகச் செய்ய வேண்டியதாயிற்று. அதை மட்டும் கம்பி கட்டிச் சமாளிக்காதீர்கள். கழன்றால் பிளேட்டே சுற்றிக்கொள்ளும். ஸ்பீடோமீட்டர் முன் சக்கரத்திலிருந்து ஓடுவதால் அதில் மாற்றமில்லை.

இதுவரை 300 கிலோமீட்டர். செயின் சத்தம் இல்லை. அம்மாவுக்கு மட்டும் பழைய ஸ்போக் வீல்தான் அழகாம்.