புதுப்பிப்பு: ரேஞ்ச்ஃபைண்டருக்குச் சின்ன வைடு லென்ஸ்
லைக்கா எம்10 ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவுக்கு (லென்ஸ் வழியாக அல்லாமல் தனி ஜன்னல் வழியே, அதாவது வியூஃபைண்டரில், பார்த்து ஃபோகஸ் செய்வது) சின்னதாக ஒரு வைடு லென்ஸ் (அகலமான காட்சியைப் பிடிப்பது) வேண்டும், 21 மிமீ-ஆ 28 மிமீ-ஆ என்று முன்பு கேட்டிருந்தேன். லைக்காவின் 28 எல்மாரிட் லென்ஸ் வாங்கிவிட்டேன். கேமராவின் வியூஃபைண்டரிலேயே 28-க்கு, படத்தில் எதுவரை விழும் என்று காட்டும் கோடு இருக்கிறது. 21-க்குத் தனி வியூஃபைண்டர் மேலே மாட்ட வேண்டும், பாம்பன் காற்றில் அது பெரிய இடைஞ்சல்.

நண்பரிடம் வாங்கிப் பார்த்த பழைய 21-இல் தனுஷ்கோடி மணல் ஓரங்களில் மெஜந்தாவாக (ஊதா கலந்த சிவப்பாக) விழுந்தது. அந்த லென்ஸின் பின்கண்ணாடி, படம் பதியும் சென்சாரை ஒட்டி நிற்பதால் ஓரத்தில் ஒளி ரொம்பச் சாய்வாக விழுகிறது. ஃபிலிமில் இந்த நிறத் தொல்லை இல்லை.

அப்புறம், கரைவலை இழுக்கும்போது ஃபோகஸ் தேட நேரம் இருக்காது. 28-இல் லென்ஸ் துளையை எஃப் 8, ஃபோகஸை மூன்றரை மீட்டர் என்று வைத்துவிட்டால் சுமார் 1.7 மீட்டர் முதல் அடிவானம் வரை தெளிவு. வலைக்காரர்களின் பக்கத்திலேயே நின்று எடுக்கலாம், அதுதான் எனக்கு முக்கியம். உப்புக்காற்று லென்ஸில் படாமலிருக்க, அதன் முன்னால் மாட்டிய 39 மிமீ விட்டமுள்ள யுவி ஃபில்டரைக் கழற்றுவதே இல்லை.